குரங்கணி வழி: உரிமையா, அனுமதியா?

இன்று தண்டவாளமே இல்லாத மலையில் ‘ஸ்டேஷன்’ என முடியும் இரண்டு ஊர்ப்பெயர்கள் வழங்குகின்றன: டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன். மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கும், பின்னர் போடிநாயக்கனூருக்கும் சென்ற காலத்தின் எச்சங்கள் இவை. 1908இல் குறும்பாதை ரயிலாக மாறிய அத்தடம் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. பெயர்களும் ஒற்றையடிப் பாதையும் எஞ்சின.

கங்காணிகள் திரட்டிய தமிழ்த் தொழிலாளர் போடி வழியே நடந்துதான் மலையேறினர். ஆள்வரத்து தோட்டத்தின் தேவையாக இருந்தவரை, நடப்பது உரிமையா அனுமதியா என்னும் வினா எழவில்லை.

ஆனால், நிலத்தின் உடைமை வேறு வழியில் எழுதப்பட்டது. 1877இல் பூஞ்சாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு அளித்தார். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி கேரள அரசு அந்நிலத்தை மீட்டு, பயிரிடப்பட்ட தோட்டப் பரப்பை நிறுவனத்திடமே விட்டது. கீழைச் சரிவுக்குரியது 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம். ஒதுக்குக் காடு அறிவிக்கப்படும்போது வழியுரிமை கோருவோர் குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோரப்படாத உரிமை அற்றுப்போகும். நடந்தவரே எழுதிக் கேட்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. இங்கிலாந்தின் 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, பொது நடைவழிகளை அளந்து வரைபடத்தில் பதியும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மீது சுமத்தியது. மெய்ப்பிக்கும் சுமை யார்மீது விழுகிறது என்பதிலேயே இரு மரபுகளும் பிரிகின்றன.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டே தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024இல் முன்பதிவும் கட்டணமும் வழிகாட்டியும் கொண்ட 40 தடங்களை அறிவித்தது. தீக்காலத்தில் பாதையை மூடுவதன் தேவையை மறுப்பதற்கில்லை. எனினும் பாதுகாப்பு ஒரு வினா. வழியுரிமை வேறொரு வினா. முன்னதற்குத் தரப்பட்ட விடையே பின்னதற்கும் விடையாகக் கொள்ளப்பட்டுவிட்டது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் முதுவர் தம் மரபுரிமைகளைக் கோர இயலும். காட்டில் வாழாத தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றலுக்கு அவ்வாயில் இல்லை. மலையேற்றப் பயணிக்கு இருப்பது அனுமதிச் சீட்டு மட்டுமே. ஒரே தடத்தில் நடக்கும் மூவருக்கும் சட்டம் மூன்று நிலைகளைத் தந்திருக்கிறது. பாதையை உண்டாக்கிய கால்களுள் பெரும்பான்மை எந்த ஆவணத்திலும் இடம்பெறவில்லை என்பதே இவ்வரலாற்றின் மையச் சிக்கல்.