மாடல் பேருந்தும் டிரேட்மார்க் உரிமமும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

கையால் செய்யும் மாடல் பேருந்தில் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வது எழுத்துதான். 11 மீட்டர் நீளமுள்ள அரசுப் பேருந்தை 1:32 அளவில் ஃபோம் ஷீட்டில் வெட்டினால் 34 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுதியிருக்கும் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் அதில் 6 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஸ்டிக்கர் கடையில் வினைலில் வெட்டித் தரச் சொன்னால், அந்த அளவில் ‘ழ’வின் கீழ்ச்சுழி பிய்ந்துபோகும், ‘க்’கின் புள்ளி ஷீட்டோடு போய்விடும். அதனால் ஒட்டுத்தாளில் அச்சடித்து, ஓரத்தை பிளேடால் சீவி, இடுக்கியால் பிடித்து ஒட்டுகிறார்கள். விழுப்புரம் கோட்டத்து வண்டி என்று ஒருவர் அடையாளம் காண்பது அந்த 6 மில்லிமீட்டரைப் பார்த்துத்தான். டிரேட்மார்க் சட்டம் வந்து உட்காரும் இடமும் அதுவே.

மாடல் தொழிலில் உரிமத் தொகை எப்படி நுழைந்தது, அதன் விளைவு சிறு ஊர்களின் மாடல் ஆர்வலர்களை எப்படி வந்தடைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தத் தொகையின் முதன்மையான பாதிப்பை விலை உயர்வில் தேடுவது போதாது என்பது என் வாதம். எந்த வண்டி மாடலாக வரும், எது வராது என்பதையே அது முடிவு செய்கிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் உரிய வண்டிகள் வராத பட்டியலில் விழுகின்றன.

பணம் போன திசை

1948இல் அமெரிக்காவின் லயனல் நிறுவனம் எஃப்3 டீசல் இன்ஜினின் பொம்மையை வெளியிட்டது. அதன் அச்சுகளைச் செய்யும் செலவில் சான்டா ஃபே ரயில்வே, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே, இன்ஜினைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய மூன்றும் பங்கேற்றன. வீட்டுக் கூடத்தில் ஓடும் பொம்மை ரயிலில் தங்கள் பெயர் இருப்பது நல்ல விளம்பரம் என்று அவை கருதின. பெயருக்கு உரியவர் பொம்மை செய்பவருக்குப் பணம் கொடுத்த காலம் அது.

அரை நூற்றாண்டுக்குள் இது தலைகீழானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யூனியன் பசிபிக் ரயில்வே, தன் பெயரையும் சின்னத்தையும் மாடலில் போடுவோர் உரிமம் பெற்று ராயல்டி செலுத்த வேண்டும் என்றது. 2004இல் லயனல்மீதும் ஏதர்ன் நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடர்ந்தது. மாடல் ஆர்வலர்களை அதிகம் கொதிக்க வைத்தது அதன் வீச்சுதான். சதர்ன் பசிபிக், சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன், மிசௌரி பசிபிக் என, யூனியன் பசிபிக் விழுங்கிய ரயில்வேக்களின் பெயர்களுக்கும் உரிமம் கேட்கப்பட்டது. தண்டவாளத்திலிருந்து மறைந்துபோன அந்தப் பெயர்களை நினைவில் வைத்திருந்தவர்களில் மாடல்காரர்களே முன்னணியில் இருந்தார்கள். ஏதர்ன் சீக்கிரமே சமரசமாகி உரிமம் வாங்கிக்கொண்டது. மைக் உல்ஃபின் எம்டிஎச் மாடல் ரயில் நிறுவனம் எதிர்த்து நின்றது. 2006 நவம்பரில் ஏற்பட்ட சமரசத்தில் யூனியன் பசிபிக் ராயல்டியைக் கைவிட்டு, மாடல் ரயில் தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமில்லாத நிரந்தர உரிமம் தரும் முறைக்கு மாறியது. ஆர்வலர்களின் எதிர்ப்பும் ஒரு தயாரிப்பாளரின் பிடிவாதமும் சேர்ந்தால் பெரிய ரயில்வேயும் இறங்கி வரும் என்பதற்கு இதுவே சிறந்த சான்று.

ஐரோப்பாவில் இதே கேள்வி காரை வைத்து எழுந்தது. ஜெர்மனியின் ஆட்டெக் நிறுவனம் ஓப்பல் ஆஸ்ட்ரா காரை 1:24 அளவில் ரிமோட் பொம்மையாகச் செய்து, முன்கிரில்லில் ஓப்பலின் மின்னல் சின்னத்தையும் வைத்தது. ஓப்பல் தன் சின்னத்தை பொம்மை வகையிலும் பதிவு செய்து வைத்திருந்தது. 2007 ஜனவரி 25 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இது: பொம்மை வாங்குகிறவர் அந்தச் சின்னத்தைப் பார்த்து, இது ஓப்பலிடமிருந்தோ அதோடு தொடர்புள்ள நிறுவனத்திடமிருந்தோ வந்த பொம்மை என்று எண்ணுகிறாரா? எண்ணாவிட்டால் சின்னத்தின் அடிப்படைப் பணிக்குக் கேடில்லை. 2010இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஆட்டெக்கின் பக்கம் தீர்ப்பளித்தது. அசலைப் போல இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த சின்னத்தையும், வாங்குகிறவரை நம்பவைப்பதற்காக வைத்த சின்னத்தையும் இந்த அளவுகோல் பிரித்துக் காட்டுகிறது. மாடல்காரர்களுக்கு இதைவிட நியாயமான கோட்டை வேறு எவரும் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

டிங்கி, நிக்கி

இந்தியாவில் இதன் பழைய தடம் கல்கத்தாவில் இருக்கிறது. 1960களின் இறுதியில் பிரிட்டனின் டிங்கி டாய்ஸ் தன் பழைய அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. அச்சு வந்தது; பெயர் வரவில்லை. காரின் அடித்தட்டில் வார்ப்பாகவே இருந்த ‘டிங்கி’ என்ற சொல்லை மாற்றி ‘நிக்கி’ ஆக்கினார்கள். அந்தத் திருத்தம் கண்ணுக்குத் தெரியும் கார்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். டிரேட்மார்க் என்பது இரும்பில் ஓர் எழுத்தை அரத்தால் தேய்ப்பதாக இருந்த காலம் அது. அந்த வரிசையில் ஸ்டாண்டர்ட் மினிபஸ் ஒன்றும் உண்டு. அந்த வேனின் இந்திய வடிவமான ஸ்டாண்டர்ட் 20 மெட்ராஸில் தயாரானதால், நம் பக்கத்துச் சாலையில் ஓடிய வண்டி ஒன்று பொம்மைக் கடைக்கு வந்த அரிய நிகழ்வாக இதைக் கொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டியது, பொம்மை நிறுவனத்தின் பெயரைத்தான் தேய்த்தார்கள் என்பது. வண்டியின் பெயரைப் போடத் தொகை கேட்கும் வழக்கம் பின்னால் வந்தது.

பெயர் மாறிய கழகம்

விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது அந்த ஊர் தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல்தான் தனி மாவட்டத்தின் தலைநகரானது. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்று பேருந்தின் பெயரே அது எந்தச் சீமையின் வண்டி என்று சொன்ன காலம். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தபின், எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. விழுப்புரத்து வண்டி தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டியானது.

திண்டிவனத்தில் செஞ்சிப் பேருந்துக்கும் புதுச்சேரிப் பேருந்துக்கும் காத்திருந்து வளர்ந்த ஒருவருக்குப் பழைய பெயர் வரலாற்று ஆவணம். மாடலில் அதை எழுத யாரிடம் கேட்பது? 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு செய்த பெயரை ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால், பதிவிலிருந்து நீக்கக் கோரலாம் என்கிறது அதன் 47ஆம் பிரிவு. 1997இல் கைவிட்ட பெயர் அந்தக் கெடுவை எப்போதோ தாண்டிவிட்டது. சதர்ன் பசிபிக் பெயருக்கு எழுந்தது போன்ற உரிமைக் கோரிக்கை இங்கே நிற்பது கடினம்.

ஓடிக்கொண்டிருக்கும் பெயரின் நிலை வேறு. 29ஆம் பிரிவு வணிக நடவடிக்கையில் பயன்படுத்துவதையே மீறல் என்கிறது. ஆகவே தன் அலமாரிக்காகச் செய்து வைப்பவருக்குத் தொல்லையில்லை. பத்து வண்டி செய்து விற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்போதும், வாகனம் 12ஆம் வகுப்பு, விளையாட்டுப் பொருள் 28ஆம் வகுப்பு, போக்குவரத்துச் சேவை 39ஆம் வகுப்பு. எந்த வகுப்பில் பதிவு என்பது முக்கியம். ஆனால் நாடறிந்த பெயராக இருந்தால் 29(4) வகுப்பின் வேலியைத் தாண்டிவிடும். பொய்யாக முத்திரை பதித்ததாகக் குற்றவழக்கு வந்தால், 103ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. போலிச் சரக்கு விற்பவரை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு இது. ஆனால் வக்கீல் நோட்டீஸில் அந்த எண்ணைப் பார்க்கும் இருபது வயது இளைஞன் பிளேடைக் கீழே வைத்துவிடுவான்.

போக்குவரத்துக் கழகங்கள் பெயரைச் சொத்தாக எண்ணத் தொடங்கிவிட்டன என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ‘கேஎஸ்ஆர்டிசி’ என்ற சுருக்கப்பெயருக்குக் கர்நாடகம் பெற்ற பதிவை எதிர்த்துக் கேரளம் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை நாடியது. 2021இல் வாரியம் கலைந்ததும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 2023 டிசம்பரில் தள்ளுபடியானது. இரண்டு அரசுக் கழகங்கள் ஐந்து ஆங்கில எழுத்துக்காக மோதிக்கொண்டதைப் பார்த்தபின், மாடல்காரரின் கேள்வி வெறும் கற்பனையாகத் தெரியவில்லை.

சந்திப்பில் நின்ற இன்ஜின்

சென்னை, விருத்தாசலம் வழி திருச்சி, கடலூர் வழி மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பாதைகள் கூடும் விழுப்புரம் சந்திப்பு ரயில் மாடலுக்கு அருமையான களம். 1960களின் நடுவில் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதையை மின்மயமாக்கியபோது, ஜப்பானிலிருந்து வந்த 20 ஒய்ஏஎம்1 இன்ஜின்கள் அங்கே ஓடின. 1:87 அளவில் மீட்டர் கேஜ் 11.5 மில்லிமீட்டர், கடைகளில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தோடு ஏறக்குறையப் பொருந்தும். நம் அகலப்பாதையோ அதே அளவில் 19 மில்லிமீட்டரைத் தாண்டும். உலகம் முழுக்க விற்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் அகலப்பாதை வண்டி எதுவும் சரியாக உட்காராது. மறைந்த மீட்டர் கேஜுக்குத்தான் அளவு அமைகிறது.

இப்படிப்பட்ட இன்ஜினை 50 பேருக்காக ஒருவர் செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமத்துக்கு முன்பணம் 1 லட்சம் என்றால் ஒரு மாடலுக்கு 2,000 ரூபாய் ஏறும். 10,000 கார் வார்க்கும் ஆலைக்கு அதே தொகை ஒரு காருக்கு 10 ரூபாய். சதவீத ராயல்டியைவிட இந்த முன்பணம்தான் சிறு தயாரிப்பைக் கொல்கிறது. பிரபலமான வண்டியே மீண்டும் மீண்டும் வருவதற்கும், ஓர் ஊர் மட்டும் அறிந்த வண்டி வராமலே போவதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்திய ரயில்வேயும் இந்தப் பாதையில் அடியெடுத்து வைத்திருக்கிறது. டார்ஜிலிங் மலை ரயிலின் நூற்றாண்டு கண்ட இரண்டு சின்னங்களுக்கு 2021இல் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் வழியாக உரிமை கோரப்பட்டது. அவற்றைப் பயன்படுத்த எழுத்துமூல ஒப்புதலும் கட்டணமும் தேவை என்று அப்போது செய்தி வந்தது. சட்டைக்கும் கோப்பைக்கும் கட்டணம் கேட்பது நியாயம். மாடலில் அந்தச் சின்னம் இன்ஜினின் ஓர் உறுப்பு. அதை எடுத்துவிட்டால் மாடல் பொய்யாகிவிடும்.

வெளிநாட்டு மாடலை வாங்கலாமே என்றால், அங்கே சுங்க வரி நிற்கிறது. அளவு சுருக்கிய மாடல்கள் பொம்மைகளோடு சேர்ந்து 9503ஆம் தலைப்பில் வருகின்றன. 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் வரி உயர்ந்தது. தயாரிப்பாளர் கட்டிய உரிமத் தொகை மாடலின் விலைக்குள்ளேயே இருப்பதால் அதற்கும் சேர்த்தே வரி விழுகிறது. விலையில் 100 ரூபாய் உரிமத்துக்குப் போயிருந்தால், சுங்க வரியோடு அது திண்டிவனத்துக்காரருக்கு 170 ரூபாய். உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி, உள்ளூரில் எவரும் செய்யாத பொருளுக்கும் அதே கனத்தோடு விழுகிறது.

உரிமையாளரே மாடல் வியாபாரியாவதும் நடக்கிறது. சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு தன் கிளாசிக் பைக்கை 1:3 அளவில் செய்து 67,990 ரூபாய்க்கு விற்றது. நேர்த்தியான வேலைதான். பெயரின் மதிப்பு இவ்வளவு என்று தெரிந்தபின், மற்றவர் அதைச் சும்மா போட எந்த நிறுவனம் எளிதில் விடும்?

விழுப்புரம் கோட்டத்துக்கும் தெற்கு ரயில்வேக்கும் 2006இன் யூனியன் பசிபிக் முடிவு நேரடியாகப் பயன்படும். கையால் செய்து சிறு எண்ணிக்கையில் விற்கும் மாடலில் கழகத்தின் பெயர், சின்னம், வண்ணம், தட எண் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் போட அனுமதிக்கும் ஒரு பக்க அறிவிப்பு போதும். ‘இது கழகத்தின் தயாரிப்பு அன்று’ என்று அடித்தட்டில் எழுத வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். ஓப்பல் வழக்கின் அளவுகோலும் அதனால் நிறைவேறும். 1997க்கு முந்தைய பெயர்களும் இதில் அடங்கும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கழகப் பணிமனைகளில் பழைய கூடு வரைபடங்கள் எஞ்சியிருந்தால், அவற்றின் நகலையும் கேட்பவருக்குக் கொடுக்கலாம்.