பாலும் அப்பிளும்: 'விலங்குப் பண்ணை'யை வரலாற்றில் வைத்து நோக்கல்

ஜோர்ஜ் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை' 1945 ஆகஸ்ட் மாதத்தில் லண்டனில் வெளிவந்தது. அன்றுதொட்டு அதனை வாசிப்போர் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வாசித்து வந்துள்ளனர். நெப்போலியன் என்னும் பன்றி ஸ்டாலின்; சுனோபோல் என்னும் பன்றி ட்ரொட்ஸ்கி; முதிய மேஜர் மார்க்ஸும் லெனினும் கலந்த உரு. இப்பட்டியல் தவறென்று நாம் கூறவில்லை. ஆனால் இதனோடு நின்றுவிடுவோர், நல்ல தலைவனைத் தீய தலைவன் துரத்தியமையாலேயே புரட்சி கெட்டது என்ற முடிவுக்கு வந்து சேர்கின்றனர். கதை அவ்வாறு கூறவில்லை என்பதே எமது கருத்து.

சுனோபோலை நாய்கள் துரத்துவதற்கு வெகு முன்னரே, பண்ணை விலங்குகளின் கைக்கு வந்த முதல் நாளிலேயே, கறந்து வைத்த ஐந்து வாளிப் பால் காணாமற் போகின்றது. அது பன்றிகளின் உணவிற் கலக்கப்படுவது பின்னரே தெரியவருகின்றது. உதிர்ந்த அப்பிள்களும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகின்றன. மூளை உழைப்புக்கு இவை இன்றியமையாதன என்று விளக்கமும் கிடைக்கின்றது. ஏறத்தாழ எல்லா விடயங்களிலும் முரண்படும் நெப்போலியனும் சுனோபோலும் இதில் ஒருமனப்படுகின்றன.

1946 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் டுவைட் மக்டொனால்டுக்கு எழுதிய கடிதமொன்றில் ஓர்வெல் இக்கட்டத்தையே கதையின் திருப்புமுனை எனக் குறிப்பிட்டு, அருகே குரொன்ஸ்ராட் என்ற பெயரையும் எழுதினார். பெத்ரோகிராட்டுக்கு அண்மையிலுள்ள இக்கடற்படைத் தளம் 1917 இல் புரட்சியின் முன்னணியில் நின்றது. 1921 இல் அதன் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். சோவியத்துகளுக்கு இரகசிய வாக்கெடுப்பில் புதிய தேர்தல், தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் பேச்சுரிமை என்பவற்றோடு, உடல்நலத்துக்குக் கேடான தொழில் புரிவோர் நீங்கலாக, உழைப்போர் யாவர்க்கும் சமமான உணவுப் பங்கீடு வேண்டுமெனவும் அவர்கள் கோரினர். பால் வாளிக்கும் குரொன்ஸ்ராட்டுக்கும் உள்ள உறவை இக்கோரிக்கையிலேயே நாம் காண்கின்றோம். அவ்வாண்டு மார்ச் மாதத்திற் செஞ்சேனை கிளர்ச்சியை நசுக்கியது. அப்பொழுது யுத்த விவகார ஆணையாளராக இருந்தவர் ட்ரொட்ஸ்கி. பாலின் விடயத்தில் இரு பன்றிகளும் ஒருமனப்பட்டமையை இதனோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

இவ்வளவு கூர்மையாக நோக்கிய ஆசிரியருக்கு அவர் தேர்ந்த கதைவடிவமே தடையாகின்றது. பன்றிகள் பிறப்பிலேயே அறிவு மிக்கவை. பொக்ஸர் என்னும் உழைப்பாளிக் குதிரைக்கு நான்கெழுத்துக்கு மேல் ஏறவில்லை. ரஷ்யாவில் அதிகாரிவர்க்கம் தலையெடுத்தமைக்கு உள்நாட்டு யுத்தம், பஞ்சம், தொழிலாளர் வர்க்கத்தின் சிதைவு எனப் பல காரணங்கள் இருந்தன. கதையில் இவற்றின் இடத்தை விலங்கினத்தின் இயல்பு பிடித்துக்கொள்கின்றது. வர்க்கம் பிறப்பாகிவிடுகின்றது. 1944 இல் பேபர் பதிப்பகத்தின் சார்பில் இந்நூலை மறுத்து எழுதிய ரி. எஸ். எலியற், பன்றிகளே அறிவு மிக்கவையாதலாற் பண்ணையை நடத்தத் தகுந்தவையும் அவையே, வேண்டுவது பொதுநல நோக்குடைய பன்றிகளே என்ற கருத்துப்பட வாதிட்டார். பழமைவாதியின் வாசிப்புத்தான், எனினும் கதை அதற்கு இடங்கொடுக்கின்றது.

ஓர்வெலின் நேர்மையையும் இங்கு குறிப்பிடல் தகும். காற்றாலை தகர்க்கப்பட்டபோது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் விழுந்தன என்றிருந்ததை, நெப்போலியன் தவிர என மாற்றுமாறு 1945 இல் அவர் பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். ஜேர்மனியர் நெருங்கியபோதும் ஸ்டாலின் மொஸ்கோவிலேயே தங்கியிருந்தார் என்பதே அதற்கு அவர் கூறிய காரணம்.

அவர் 1950 இல் காலமானார். அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தின் இரகசியப் பணத்தில் பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட கார்ட்டூன் திரைப்படம் 1954 இல் வெளிவந்தது. அதன் முடிவில் ஏனைய விலங்குகள் பன்றிகளுக்கெதிராகக் கிளர்ந்தெழுகின்றன. நூலில் அப்படியொரு கிளர்ச்சி இல்லை. நூலின் இறுதியிற் பன்றிகளோடு ஒரே மேசையிலிருந்து சீட்டாடும் மனிதப் பண்ணையாளர்களோ, படத்தின் அவ்விறுதி விருந்தில் இல்லை.