அயல் மண்ணில் ஆராதனை: கிருஷ்ணகிரிச் சீமை தரும் பாடம்

நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் வட்டாரத்து இளைஞருக்கு ஒரு காலத்தில் ஓசூர் சிப்காட் வேலையே தூரதேசத்து வேலை. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் கடல் கடந்தும் வேலைக்கும் படிப்புக்கும் போகிறார்கள். அவர்களுள் கிறிஸ்தவராய் இருப்போர் ஐரோப்பிய ஆலயமொன்றில் முதல் ஞாயிறன்று நுழையும்போது திகைத்துப் போகிறார்கள். யாரும் காலணியைக் கழற்றுவதில்லை, பெண்கள் முக்காடிடுவதில்லை, கைத்தாளம் இல்லை, பல இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. 'இங்கே பக்தி இருக்கிறதா?' என்ற ஐயம் அவர்கள் மனத்தில் எழுவது இயல்பு. இந்த ஐயத்துக்கு நம் மண்ணின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1895ஆம் ஆண்டு கிருஷ்ணகிரியில் தியோடர் நேத்தர் என்ற ஜெர்மானியப் போதகர் ஊழியத்தைத் தொடங்கினார். முன்னர் லைப்சிக் மிஷனில் பணியாற்றித் தமிழகத்தை அறிந்திருந்த அவரை, அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை இங்கே அனுப்பியது. இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு வித்து அங்கே விழுந்தது. 1904இல் கொள்ளைநோய் பரவியபோது நேத்தர் கிருஷ்ணகிரியிலேயே உயிர்நீத்தார். அயல்நாட்டு வழிபாட்டுக்குள் நுழைவதென்றால் அந்த மக்களின் மொழிக்குள்ளும் நோவுக்குள்ளும் நுழைவதே என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

லுத்தரன் சபைகளில் ஞானப்பாட்டும் உண்டு, கீர்த்தனையும் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் பின்னர் வந்த பப்ரிசியுஸ் முதலானோரும் ஜெர்மானியத் துதிப்பாடல்களைத் தமிழாக்கினார்கள். அவை ஜெர்மன் மெட்டிலேயே பாடப்பட்டன. அந்த மரபில் வளர்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம் இராகங்களில் கீர்த்தனைகளை இயற்றினார். வந்த இசையைத் தள்ளாமலும் சொந்த இசையை விடாமலும் இரண்டையும் ஒரே ஆராதனையில் பாடும் பக்குவத்தை நம் முன்னோர் பெற்றிருந்தார்கள். ஆகவே நம் ஊர் லுத்தரன் ஒருவர் ஜெர்மனியில் ஆர்கன் ஒலியைக் கேட்கும்போது, சொல் புரியாவிட்டாலும் மெட்டு அவருக்கு உறவாகவே இருக்கும்.

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே திருப்பத்தூரில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். மருத்துவர் சவரிராயன் யேசுதாசன் மேற்படிப்புக்காகப் பிரிட்டன் சென்றவர். அங்கே அவருக்கு நண்பரானவர் மருத்துவர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். இருவரும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். ஆங்கில தேவாலயச் சாயலை விடுத்து, திராவிடக் கோயிற் கட்டடக்கலையில் அங்கே ஜெபாலயம் எழுந்தது. மேல்நாட்டு வழிபாட்டை அதன் சொந்த இடத்திலேயே கண்டறிந்த தமிழர் ஒருவரே, தமிழ் மண்ணுக்குரிய வழிபாட்டின் அருமையை உணர்ந்து அதற்கு உருக்கொடுத்தார். பிறர் வீட்டுப் பந்தியில் அமர்ந்தவனுக்கே தன் தாய் சமையலின் ருசி தெளிவாகத் தெரியும். கதர் உடுத்திய பேட்டன் 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் காவலரின் தடியடியையும் ஏற்றார். அவர் சேர்ந்து வழிபட்ட மக்களின் பாடும் அவருடையதாயிற்று.

கத்தோலிக்கத் திருச்சபையும் இவ்வழியே நடந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள்மொழிக்கு வாயில் திறந்தது. காலணி களைதல், தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கேற்றுதல், ஆரத்தி உள்ளிட்ட 12 இந்திய முறைகளுக்கு 1969இல் ரோமாபுரி இசைவளித்தது. இம்முயற்சியின் முன்னணியில் நின்றவர் அருள்தந்தை து. சை. அமலோர்பவதாஸ் என்ற தமிழர். வழிபாட்டுப் புதுப்பித்தலுக்காக அவர் உருவாக்கிய தேசிய மையம் ஓசூருக்கு அப்பால் பெங்களூரில் இருக்கிறது.

ஐரோப்பாவுக்குச் சென்ற தமிழரும் அங்குள்ள வழிபாட்டுக்குத் தம் பங்கை அளித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கேவலார் 1642 முதல் மரியன்னையின் திருத்தலம். போரால் இடம்பெயர்ந்த ஈழத்தமிழர் ஆண்டுதோறும் ஆகஸ்டில் அங்கே ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். தமிழ்த் திருப்பலி நடக்கிறது. ஈழத்து மடு மாதா கோயிலில் போலவே இந்துக்களும் வந்து வணங்குகிறார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஜெர்மானியரும் டச்சுக்காரரும் ஏற்றிய மெழுகுதிரிகளோடு தமிழரின் மெழுகுதிரியும் எரிகிறது.

இனி முதலில் எழுந்த ஐயத்துக்கு வருவோம். நாம் காலணியைக் கழற்றுவது பயபக்தி; ஐரோப்பிய ஆடவர் தொப்பியைக் கழற்றுவதும் பயபக்தியே. எத்தியோப்பியக் கிறிஸ்தவர் நம்மைப் போல் வெறுங்காலோடு ஆலயம் புகுந்து முரசொலியோடு துதிக்கிறார்கள். கொங்கோ நாட்டில் ஆட்டமும் பாட்டும் கலந்த திருப்பலி முறைக்கு ரோமாபுரி 1988இல் ஒப்புதல் தந்தது. வணக்கம் வேர், வழக்கம் கிளை. ஒரே கிளையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதையே வேரென்று எண்ணிவிடுகிறோம். அயல்நாட்டு ஆலயத்தில் அமரும் அனுபவம் இந்த மயக்கத்தை நீக்குகிறது. அதுவே அப்பயணத்தின் பெரும்பேறு.

ஆகவே வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள்; அங்குள்ள சபையின் பாட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் முன் ஓராண்டேனும் அவர்களோடு மண்டியிடுங்கள்.

இங்கிருக்கும் சபைகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்கூடங்களுக்கு வந்திருப்போரில் கிறிஸ்தவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் ஊரே அயல்நாடு. நம் ஆராதனையே புரியாத ஆராதனை. அவர்களைப் பெயர் கேட்டு வரவேற்போம். மாதம் ஒரு பாடலையும் ஒரு வேதவாசகத்தையும் அவர்கள் மொழியில் ஒலிக்கச் செய்வோம். வந்தவரை ஏற்று வளர்ந்த கிருஷ்ணகிரிச் சபைகள் இதை வரும் ஞாயிறே தொடங்க வேண்டும்.