வீட்டு எல்.இ.டி விளக்கு: ஊத்தங்கரை வட்டாரத்தில் செலவும் பயனும்

கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலையில் உள்ள வட்டத் தலைநகர் ஊத்தங்கரை. தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலவே இங்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு மீட்டரில் ரீடிங் எடுக்கிறார்கள். எல்.இ.டி விளக்கு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதை அந்த ரீடிங்தான் தீர்மானிக்கிறது.

60 வாட்ஸ் குண்டு பல்பு எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. ஏறத்தாழ அதே வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்.இ.டி தரும். தினம் 5 மணி நேரம் எரிந்தால், 60 நாளில் குண்டு பல்புக்கு 18 யூனிட், எல்.இ.டிக்கு 2.7 யூனிட். பழைய 40 வாட்ஸ் ட்யூப் லைட், சோக்கையும் சேர்த்து 50 வாட்ஸ் வரை இழுக்கும். 'ஜீரோ வாட்ஸ்' என்று விற்ற இரவு விளக்குகூட 12 முதல் 15 வாட்ஸ் எடுத்தது. விடிய விடிய எரிவதால் அதையும் சீக்கிரம் மாற்ற வேண்டும். எப்போதோ சில நிமிடம் எரியும் குளியலறை விளக்குக்கு அவசரம் இல்லை.

எல்.இ.டியின் விலை ஒரு காலத்தில் எட்டாததாக இருந்தது. மத்திய அரசின் இ.இ.எஸ்.எல் நிறுவனம் 2014இல் புதுச்சேரியில் விநியோகத்தைத் தொடங்கியபோது ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2015 ஜனவரி 5இல் அந்த விநியோகம் உஜாலா திட்டமாக நாடெங்கும் வந்தது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதால் 2016இல் அந்த விலை 38 ரூபாய்க்கு இறங்கியது.

எல்.இ.டி பல்பு சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் உள்ளே மின்னோட்டத்தைச் சீராக்கும் டிரைவர் சுற்றே காரணம். வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமங்களிலும், காற்றுப் புகாத மூடிய கண்ணாடிக் கூண்டிலும் அது விரைவில் கெடும். எழுதப்பட்ட உத்தரவாதமும் நட்சத்திரக் குறியும் உள்ளதை வாங்குவதே லாபம்.

இனி பணக் கணக்கு. 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி 101–200 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201–400க்கு 4.50 ரூபாய், பிறகு சற்று உயர்ந்தது. 300 யூனிட் எரிக்கும் வீடு ஒரு குண்டு பல்பை மாற்றினால் அந்தக் கட்டணத்திலேயே பில்லுக்கு சுமார் 69 ரூபாய் குறையும். 160 யூனிட் வீடு நான்கை மாற்றினால் 100க்குள் வந்து பில்லே இல்லாமல் போகும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழடுக்கு மானியமும் குறைவதால், அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இரட்டை லாபம்.

ஏற்கெனவே 100 யூனிட்டுக்குள் வாழும் ஏழை வீட்டுக்கோ ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. பல்புக்குப் பணம் கொடுப்பது அந்த வீடு; குறையும் யூனிட்டின் மானியச் சுமை இறங்குவது அரசுக்கு. ஆகவே அத்தகைய வீடுகளுக்கு எல்.இ.டி பல்புகளை அரசே விலையின்றித் தர வேண்டும்.