இம்பன்னத்தோரே
இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலுள்ள பிராத்தோ நகரக் கம்பளித் தொழிலில், ஆர்டர் பிடித்து வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் தரகர். இவருக்குப் பெரும்பாலும் சொந்தத் தறி கிடையாது. துணி மாதிரியைத் தயாரித்து, வாங்குபவரிடம் விலை பேசி, கச்சாப்பொருளைத் தன் காசில் வாங்கி, நூற்பு, நெசவு, சாயம் என ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பட்டறைகளுக்குக் கூலிக்கு விடுவார். சரக்கு விற்காவிட்டால் நட்டம் இவர் தலையில்; வெறும் கமிஷன் ஏஜெண்டு அல்லர். எந்தப் பட்டறை சொன்ன தேதியில் முடிக்கும் என்பதை அறிந்திருப்பதே இவரது பெரிய முதல். பருவத்துக்குப் பருவம் கூட்டாளிகள் மாறுவர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெரிய ஆலைகள் சிறு பட்டறைகளாகப் பிரிந்தபோது இவரது செல்வாக்கு பெருகியது. மேலாண்மை ஆய்வாளர்கள் ரேமண்ட் மைல்ஸும் சார்லஸ் ஸ்னோவும் இதுபோல் வேலையைப் பலரிடம் பங்கிட்டு நடத்தும் வலையமைப்பு நிறுவனங்களில் தரகரின் பங்கை 1986இல் விளக்கி எழுதினர்.