கல் எடுத்த கடலில் கல் போட்ட கதை: வான் தீவு

(ஒலி அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு அத்தியாயத்தை எங்க வீட்டுச் சுவர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

நான் ஆறுமுகநேரிக்காரன். எங்க பழைய வீட்டுல, அடுப்படிக்குப் போற வழியில ஒரு இடத்துல காரை பெயர்ந்திருக்கும். சின்ன வயசுல அதைச் சுரண்டிக்கிட்டே நிப்பேன். உள்ள வெள்ளையா, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு கல்லுத் துண்டு தெரியும். ஆச்சி சத்தம் போடுவா: "ஏல, சுரண்டாதல. அது கடல்கல்லு. ஒன் பேரன் காலத்துக்கும் நிக்கும்." கடல்கல்லுன்னா பவளப்பாறைன்னு காலேஜ் போன பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது. அதாவது உயிரோட இருந்த ஒண்ணை வெட்டி எடுத்து, காளவாசல்ல சுட்டு, சுண்ணாம்பாக்கி, மிச்சத்தைச் சல்லியாப் போட்டு எங்க வீட்டைக் கட்டியிருக்காங்க. எங்க வீடு மட்டும் இல்ல, இந்தக் கரையில பழைய வீடுகள் பலதும் அப்படித்தான்.

அந்தக் கல் வந்த கடலைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். மன்னார் வளைகுடாவுல, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவுகள் இருந்தன. தூத்துக்குடிப் பக்கம் நாலு: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. காரை, சல்லி ரெண்டுமே கொத்தனார் வாயில வர்ற சொற்கள். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்க வீட்டுச் சுவர்தான் ஞாபகம் வரும்.

முதல்ல கொஞ்சம் பின்னால போவோம். இந்தக் கடலை அரசாங்கமும் மக்களும் சேர்ந்து காவல் காத்தது புதுசு இல்ல. முத்துக்குளிப்பு அப்படித்தான் நடந்தது. முத்துச்சிப்பி இருக்கிற இடத்தைப் 'பார்'னு சொல்லுவாங்க. பாண்டியர், நாயக்கர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு யார் ஆண்டாலும் பார் அரசாங்கச் சொத்து. ஆனா அது எங்க இருக்கு, எந்தக் காத்துல இறங்கணும், எப்ப ஏறணும்கிற அறிவு பரவர் குளியாளிகள்கிட்ட இருந்தது. ஆங்கிலேயர் காலத்துல, குளிப்பு அறிவிக்கும் முன்னாடி பாரைப் பார்வையிட்டு, மாதிரிக்குச் சிப்பி எடுத்துப் பார்ப்பாங்க. சிப்பி இளசா இருந்தா அந்த வருஷம் குளிப்பு கிடையாது. பரவர் சாதித்தலைவனுக்கு இதுல தனி உரிமை உண்டு. சுறா வராம மந்திரம் போடுற 'கடல்கட்டி'க்குக்கூட அரசாங்கம் கூலி கொடுத்த காலம் உண்டு. மந்திரம் பலிச்சதோ இல்லையோ, அது இல்லாம ஆள் இறங்க மாட்டாங்கன்னு அதிகாரிகளுக்குப் புரிஞ்சிருந்தது.

ஆனா அந்தக் கூட்டு முத்துக்காக வந்தது, கடலுக்காக வரலை. நம்ம பக்கம் கடைசிக் குளிப்பு 1961ல நடந்தது. அதுக்கப்புறம் திறக்குற அளவுக்குச் சிப்பி சேரலை. முத்து போனதும் அந்தக் காவலும் போச்சு.

முத்து போன கடல்ல கல் இருந்தது. பவளப்பாறை கிட்டத்தட்ட சுத்தமான சுண்ணாம்புக் கல். வீடு கட்ட சுண்ணாம்பு, ஆலைகளுக்கு மூலப்பொருள்னு எல்லாத்துக்கும் தேவை இருந்தது. கடப்பாறையோட வள்ளத்துல போய், பாறையைப் பேர்த்து, கரைக்குக் கொண்டுவந்து காளவாசலுக்கு வித்தாங்க. மீன் படாத நாள்ல அது ஒரு வீட்டுக்கு அரிசி. அதை மறந்துட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

1986ல தமிழ்நாடு அரசு 21 தீவையும் சுத்தியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சது. 1989ல ராமேஸ்வரத்துலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாச்சு. நம்ம காயல்பட்டினம், புன்னக்காயல் கடலும் அதுக்குள்ள வருது. ஆனா காகிதத்துல பூங்கா வந்த பிறகும் கல் வெட்டு நிக்கலை. அவ்வளவு பெரிய கடலுக்கு வனத்துறைக்கு எத்தனை படகு, எத்தனை ஆள்? மீனவருக்கோ தாத்தா காலத்துலேர்ந்து இறங்கி வலை காயப்போட்ட தீவுக்கு ஒரே நாள்ல 'உள்ளே வராதே'ன்னு பலகை. வளைகுடாவுல இருந்த சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறையில ஏறக்குறைய 32 சதுர கிலோமீட்டர் கல் வெட்டாலயும் நாசகார மீன்பிடிப்பாலயும் அழிஞ்சுபோனது.

பாறை போனா என்ன? இந்தத் தீவுகள் மணலும் உடைஞ்ச பவளமும் சேர்ந்து உண்டானவை. பாறை வெளியில நின்னு அலையோட வேகத்தை வாங்கிக்கும். அது போனா அலை நேரா மணலைத் தொடும். விலாங்குசல்லி கடலுக்குள்ள போயிட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போச்சு. வான் தீவு 1986ல சுமார் 16 ஹெக்டேர், 2014ல சுமார் 2 ஹெக்டேர்தான்.

இப்ப மூணு பேர் கதைக்குள்ள வர்றாங்க. முதலாவது, அரசு சாராத ஒரு ஆய்வு நிறுவனம். 1998ல தூத்துக்குடியில தொடங்கின சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம். 2002லேர்ந்து அவங்க ஒரு வேலை செஞ்சாங்க. உயிரோட இருக்கிற பவளத்துலேர்ந்து சின்னத் துண்டுகளை எடுத்து, கான்கிரீட் சட்டத்துல கட்டி, அழிஞ்ச இடத்துல கடலடியில வைக்கிறது. நாத்து நடுற மாதிரிதான். கிளை விடுற வகை வருஷத்துக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும்.

ரெண்டாவது, அரசு. 2000ல மாநில அரசு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையை உண்டாக்குச்சு. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் கொடுத்த பணம் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியா வந்தது. கரையோர ஊர்கள்ல குழுக்கள், பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன், மாற்றுத் தொழில்னு அறக்கட்டளை இறங்குச்சு. 2001ல பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்ந்தன. புலிக்கு இருக்கிற பாதுகாப்பு கல்லுக்கும் கிடைச்சது.

மூணாவதுதான் முக்கியம், மீனவர். 2004 டிசம்பர்ல சுனாமி வந்தது. இலங்கையில ஹிக்கடுவையில பவளப்பாறை இருந்த கரையில அலை தணிஞ்சு போக, அதுக்குப் பக்கத்துல பாறையை வெட்டியெடுத்த பெரேலியாவுல ஊருக்குள்ள வெகுதூரம் புகுந்து ரயிலையே புரட்டுச்சு. பாறையோட வேலை என்னன்னு நம்ம கரையிலயும் எல்லாருக்கும் உறைச்சது. 2005 வாக்குல தூத்துக்குடியில கல் வெட்டு நின்னுபோச்சு. சட்டம், மாற்றுத் தொழில், பயம் மூணும் சேர்ந்து நிறுத்துச்சு. அறிவிப்பு வந்து 19 வருஷம் கழிச்சு.

திரேஸ்புரத்துல ஒரு வயசான அண்ணாச்சிகிட்ட இதைப் பத்திப் பேசினேன். இளமையில கல் எடுத்தவர். "தம்பி, கல்லு எடுத்தவனுக்குத்தான் கல்லு எங்க கெடக்குன்னு தெரியும். அவனை வெரட்டிட்டு யாரை வச்சுக் காப்பீய?" அப்படின்னார். எனக்குப் பழைய பார் காவல் ஞாபகம் வந்தது. குளியாளி இல்லாம அன்னைக்கும் அரசாங்கத்தால ஒண்ணும் செய்ய முடிஞ்சதில்ல.

2015 கடைசியில பெரிய வேலை தொடங்குச்சு. பருவநிலை மாற்றத்துக்கான தேசியத் தகவமைப்பு நிதியிலேர்ந்து மன்னார் வளைகுடா திட்டத்துக்கு ரூ.24.74 கோடி. வடிவமைப்பு சென்னை ஐ.ஐ.டி., கடல் வேலை சுகந்தி தேவதாசன் நிறுவனம், பொறுப்பு மாநில அரசு. அடி அகலமா, மேல குறுகலா, ஓட்டை ஓட்டையா இருக்கிற கான்கிரீட் கட்டிகளை ஆயிரக்கணக்குல வான் தீவுக்கு வெளியே, அலை வர்ற பக்கமா இறக்கினாங்க. அலை ஓட்டைகள்ல புகுந்து வேகம் குறையும், பின்னால மணல் படியும், கட்டியில பவளம் ஒட்டும், மீன் வந்து தங்கும். தீவு கரையிறது நின்னு, கொஞ்சம் மணலும் சேர்ந்தது. போயிரும்னு நினைச்ச தீவு இன்னும் இருக்கு. இப்ப காரைச்சல்லிக்கும் அதே வேலை, தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்துல, உலக வங்கி உதவியோட.

இதோட கதையை முடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா 2010லயும் 2016லயும் கடல் சூடாகி பவளம் வெளுத்தது. 2016ல மட்டும் சுமார் 16 சதவீதப் பவளம் செத்தது. நாத்து நட்டவங்க திரும்பவும் நட்டாங்க. கான்கிரீட் அலையைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. இன்னொண்ணு, திட்டத்துக்கு முடியுற தேதி உண்டு. ஆய்வு நிறுவனத்துக்குக் கடலடி தெரியும், ஆனா தடை போட அதிகாரம் இல்ல. அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனா நிதியாண்டு மாறினா கவனம் மாறும். மீனவர் தினமும் கடல்ல இருக்கார், ஆனா அவரைக் கேக்குறது பெரும்பாலும் கடைசியில. மூணு பேரும் ஒண்ணா நின்ன வருஷங்கள்லதான் வேலை நடந்திருக்கு. ஒருத்தர் தனியா நின்ன வருஷங்கள்ல தீவு கரைஞ்சிருக்கு. இந்த 60 வருஷக் கதையில எனக்குப் பட்டது இதுதான்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த கொத்தனார், காரை பெயர்ந்த இடத்தைச் சிமென்ட் வச்சு அடைச்சிரட்டுமான்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன். என் மக அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்னப்பா?"ன்னு கேட்டா. கடல்லேர்ந்து நாம எடுத்ததுன்னு சொன்னேன். "திருப்பிக் குடுத்தாச்சா?"ன்னா. குடுத்துக்கிட்டு இருக்காங்கம்மா, இன்னும் முடியலைன்னேன்.

உங்க ஊர்ல பழைய வீடு இருந்தா சுவரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கடல்கல் இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த அத்தியாயத்துல சந்திப்போம்.