அணையக் கற்ற உலை

டொரொன்டோவிலோ மினியாபொலிசிலோ ஒரு ஜனவரி இரவு. பேஸ்மென்டில் ஃபர்னஸ் பற்றிக்கொள்கிறது, சில நொடிகளில் அணைகிறது. மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. மூன்று நான்கு முறை முயன்றுவிட்டு அடங்கிவிடுகிறது. வீட்டுக்காரர் அதைப் பழுது என்பார். உலையோ தனக்கு விதித்த வேலையைத்தான் செய்கிறது. இப்படி அணைய அதைப் பழக்குவதற்கு நூறு ஆண்டு பிடித்தது.

பழைய கரி உலைக்குத் தானாக அணையத் தெரியாது. விடியுமுன் யாராவது கீழே இறங்கிக் கரி போட வேண்டும், சாம்பல் வார வேண்டும், காற்றுக் கதவைத் திறந்து மூட வேண்டும். இந்தக் கடைசி வேலையை இயந்திரத்திடம் விட்டவர் மினியாபொலிசின் ஆல்பர்ட் புட்ஸ். அறை குளிர்ந்தால் கதவைத் திறந்து, சூடேறினால் மூடும் கருவியை அவர் 1885இல் உருவாக்கினார். அவர் தொடங்கிய நிறுவனம் பல கை மாறி ஹனிவெல் ஆனது. 1919 டிசம்பரில் நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர், எரிவாயுவால் வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

கரி அணைந்தால் வீடு குளிரும், அவ்வளவுதான். எரிவாயு அணைந்தும் குழாய் திறந்திருந்தால் வீடே மிஞ்சாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சஸின் நியூ லண்டனில், பள்ளிக்கூடத்தின் அடியில் கசிந்து தேங்கிய வாயு வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மாணவர்கள். இயற்கை வாயுவுக்கு மணமில்லை என்பதால் கசிவை யாரும் அறியவில்லை. அதன்பிறகுதான் வாயுவில் நாற்றம் கலப்பதை டெக்சஸ் சட்டமாக்கியது.

மனிதருக்கு மூக்கு இருக்கிறது. சுடர் எரிகிறதா என்று உலைக்கு யார் சொல்வது? 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்ட உண்மை கைகொடுத்தது: இரு வேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். இரவும் பகலும் எரியும் பைலட் சுடருக்குள், அப்படி இணைத்த உலோகச் சோடியான தெர்மோகப்பிளின் முனையை நீட்டி வைத்தார்கள். அதில் பிறப்பது சுமார் 30 மில்லிவோல்ட். வாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கும் மின்காந்தத்துக்கு அது போதும். சுடர் அணைந்தால் காந்தம் பிடி விடும், வால்வு மூடிக்கொள்ளும். வெளி மின்சாரமே வேண்டாத இந்த ஏற்பாட்டை விட அழகான ஒன்று இந்த வரலாற்றில் இல்லை.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், ஓயாமல் எரியும் பைலட் ஊதாரித்தனமாகத் தெரிந்தது. 1992 முதல் அமெரிக்காவில் புதிய ஃபர்னஸ்கள் குறைந்தது 78 சதவீத எரிபொருள் திறன் காட்ட வேண்டும் என்ற விதி அமலுக்கு வர, பைலட் மறைந்தது. சுடரைக் கண்காணிக்க ஓர் உலோகக் குச்சி வந்தது. சுடர் மின்சாரத்தைக் கடத்தும். குச்சி வழியாகச் சில மைக்ரோஆம்பியர் ஓடினால்தான் கட்டுப்பாட்டு அட்டை சுடர் உண்டென்று நம்பும். குச்சியில் மெல்லிய படலம் படிந்துவிட்டால், கண்ணெதிரே எரியும் நெருப்பையும் அட்டை நம்பாது. பற்றிய சில நொடிகளில் அணைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மெல்லிய எஃகு நாரால் தேய்த்தாலே சரியாகிவிடுவதும் உண்டு.

சில நிமிடம் ஓடிவிட்டு அணைந்தால் கதை வேறு. ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைய, உள்ளே சூடு மிஞ்சி, லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறது. புதிய வகைகளில் புகைக்குழாயைப் பனி மூடினாலும், உலைக்குள் சேரும் நீர் வடியும் குழாய் அடைத்தாலும் பிரஷர் சுவிட்ச் தடுக்கும்.

டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் பேஸ்மென்டில் குடியிருக்கும் ஈழத்தமிழர் பலர் இந்த உலைக்கு ஒரு சுவர் தள்ளித்தான் உறங்குகிறார்கள். ஃபில்டரை மாற்றுவது யார் கையாலும் ஆகும். அதற்குமேல் உரிமம் பெற்ற டெக்னீஷியனை அழையுங்கள். வயர் போட்டு எந்த சுவிட்சையும் ஏமாற்றாதீர்கள். உலையிலிருந்து கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றம் கலந்து யாரும் அனுப்புவதில்லை. வீட்டில் அதற்கான அலாரம் இல்லையென்றால் முதலில் அதை வாங்கி மாட்டுங்கள்.